முகாமில் தரும் மடக்கு வீல்சேர்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

சேவை அமைப்புகள் முகாம் வைத்துக் கொடுக்கும் வீல்சேர் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். குரோம் பூசிய இரும்புக் குழாய், உட்காரவும் சாயவும் ரெக்சின், இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறி போல இரண்டு குழாய்கள், பின்னால் 60 செ.மீ. சக்கரம், முன்னால் 20 செ.மீ. சக்கரம். இருக்கையின் அகலம் 45 அல்லது 46 செ.மீ., ஆழம் 40 முதல் 43 செ.மீ. எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ வரை. இங்கே பேசுவது அந்த நாற்காலியைப் பற்றி மட்டுமல்ல, அதைக் கொடுக்கும் சேவையைப் பற்றியும்தான். அளவெடுக்காமல் கொடுத்தால் எவ்வளவு நல்ல நாற்காலியும் உட்காருபவருக்குத் தீங்காகிவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கால் உடைந்து சில வாரம் நடக்க முடியாதவர், கொஞ்சம் நடந்து கொஞ்சம் உட்காரும் முதியவர், மருத்துவமனைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறவர் போன்றோருக்கு இந்த நாற்காலி போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரத் தேவையில்லை, பின்னாலிருந்து தள்ள ஆள் உண்டு, பிட்டத்தில் உணர்ச்சி இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். மடக்கினால் சுவரோரம் அடங்கிவிடும். உடைந்த இரும்புக் குழாயை எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம். அலுமினியக் குழாயில் அது அவ்வளவு எளிதல்ல.

நாள் முழுதும் நாற்காலியிலேயே வாழ்கிறவருக்கு இதைக் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, தண்டுவடத்தில் அடிபட்டவர், தசைச் சிதைவு நோய் உள்ளவர் எல்லோரும் இந்த வகையில் வருவார்கள். மடக்கு நாற்காலி பிறந்த கதையே இதற்குச் சான்று. 1918-இல் சுரங்க விபத்தில் முதுகில் அடிபட்ட ஹெர்பர்ட் எவரெஸ்ட், காரில் ஏற்றிச் செல்லும்படி மடங்கும் நாற்காலி ஒன்றை விரும்பினார். அவருடைய நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸ் 1933-இல் அந்தப் பெருக்கல் குறிச் சட்டத்தைச் செய்து கொடுத்தார். அதாவது, ஒரு மனிதரின் தேவையைக் கேட்டு, அவருக்காகச் செய்த நாற்காலி அது. முகாமில் வந்து இறங்குவது அதே சட்டம்தான் என்றாலும், யார் உட்காரப் போகிறார் என்று தெரியாமலே செய்தது.

முதல் குறை ரெக்சின். புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும், சில மாதங்களில் தொட்டில் போலத் தொங்கிவிடும். தொங்கிய இருக்கையில் இரண்டு தொடையும் நடுவை நோக்கிச் சரியும், முட்டிகள் உரசும், இடுப்பு ஒரு பக்கம் தாழும். இடுப்பு சாய்ந்தால் முதுகெலும்பு அதற்கு ஈடுகொடுத்து வளையும். வளரும் குழந்தைக்கு அந்த வளைவு நாளடைவில் நிலைத்துவிடலாம். இதற்கு அதிகச் செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு. 10 முதல் 12 மி.மீ. பிளைவுட்டை இருக்கையின் அளவுக்கு வெட்டி, ஓரங்களை மழுக்கி, ரெக்சின் மேல் வைத்து, அதன்மேல் மெத்தையை வையுங்கள். பலகை முன்னால் நழுவாமலிருக்க, அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு கட்டை அடித்து, சட்டத்தோடு பட்டையால் கட்ட வேண்டும். நாற்காலியை மடக்கும்போது பலகையை எடுத்துவிட்டு மடக்கலாம். மெத்தை இல்லாமல் வெறும் பலகையில் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அந்த மெத்தைதான் பெரும்பாலான முகாம்களில் விட்டுப்போவது. உட்காரும்போது உடலின் எடையில் பெரும்பகுதி பிட்டத்தில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. உணர்ச்சி உள்ளவர் தன்னையறியாமல் நெளிந்து இடம் மாறிவிடுவார். உணர்ச்சியில்லாதவருக்கு அங்கே ரத்த ஓட்டம் தடைபடுவது தெரியாது, தோல் செத்துப் புண்ணாகும். அழுத்தப்புண் ஆழமாகி எலும்பு வரை போனால் உயிருக்கே ஆபத்து. நாற்காலியில் 5 செ.மீ. ஸ்பஞ்ச் போட்டிருக்கிறோம் என்பார்கள். சாதாரண ஸ்பஞ்ச் உட்கார்ந்தவுடன் நசுங்கிவிடும், எலும்பு அடியிலுள்ள இருக்கையில் இடிக்கும், அதை மெத்தைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. அடியில் கெட்டியான ஃபோம், எலும்பு முனைகள் வரும் இடத்தில் பள்ளம், அதன்மேல் மென்மையான ஃபோம், எல்லாவற்றையும் மூட, ஈரம் உள்ளே இறங்காத, ஆனால் நெகிழும் உறை என்று இருக்க வேண்டும்.

மெத்தை போதுமா என்று கையாலேயே சோதிக்கலாம். அவரைச் சற்று முன்னால் சாயச் சொல்லி, உள்ளங்கை மேலே பார்க்க உங்கள் விரல்களைப் பிட்ட எலும்புக்கு நேர் அடியில், மெத்தைக்கு மேல் விடுங்கள். பிறகு அவர் நிமிர்ந்து வழக்கம்போல் உட்காரட்டும். விரல் நுனியை மேலும் கீழுமாக 5 மி.மீ. அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் விரலை எளிதாக உருவ முடிகிறது என்றால் அது எச்சரிக்கை. விரல் சிக்கிக்கொண்டு உருவவே சிரமமாக இருந்தால் அந்த மெத்தை கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் மோசமாகவும் இருப்பது சகஜம். நல்ல மெத்தை இருந்தாலும் முன்னால் குனிவது, பக்கவாட்டில் சாய்வது எனப் பகல் முழுதும் அடிக்கடி எடையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதைவிட முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் இருப்பது தோள்பட்டைக்கு நல்லது.

அளவெடுப்பது பத்து நிமிட வேலை. கெட்டியான பெஞ்சில், கால் பாதம் எதன்மீதாவது முழுதாகப் பதியும்படி உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். இரண்டு புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் இருக்கையின் அகலம். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முட்டிக்குப் பின்னுள்ள மடிப்பு வரை அளந்து அதில் 3 முதல் 6 செ.மீ. கழித்தால் ஆழம் கிடைக்கும். இரு காலையும் அளந்து குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். மடிப்பிலிருந்து குதிகால் அடி வரை உள்ள நீளம், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கால்மிதி வரை இருக்க வேண்டிய தூரம். மெத்தை இல்லாமல் கால்மிதியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு மெத்தை போட்டால் பாதம் தொங்கும். அதனால் மெத்தையை வைத்த பிறகே கால்மிதியைத் திருகுங்கள். கால்மிதிக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கல்லில் தட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் முகாம் நாற்காலியின் தவறு வெளிப்படையாகவே தெரியும். 25 செ.மீ. இடுப்புள்ள குழந்தையை 46 செ.மீ. இருக்கையில் வைத்தால் கை சக்கரத்தை எட்டாது. ஆழம் அதிகமாவதால் முதுகு சாய்வுப் பகுதியைத் தொடாமல் பிட்டம் முன்னால் வழுக்கும், முதுகு கூனும், பாதம் அந்தரத்தில் தொங்கிக் கீழ்நோக்கி இறுகும். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய நாற்காலியைக் கொடுப்பவர்கள் உண்டு. உடம்பு நாற்காலிக்கு ஏற்றபடி வளையுமே தவிர, வளர்ந்து நிரப்பாது. பக்கங்களில் கெட்டி ஃபோம் அடைத்து அகலத்தைக் குறைப்பது தற்காலிகமாகச் சரி. ஆனால் முதுகுக்குப் பின்னால் பத்து செ.மீ.க்கு மேல் அடைத்தால் குழந்தையின் எடை முழுதும் முன்னால் போய்விடும். முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினாலே கவிழும். அந்த அளவுக்கு அடைக்க வேண்டியிருந்தால் அந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறியதைக் கேளுங்கள்.

தலை நிற்காத குழந்தைக்கு முதுகுப் பகுதியை மட்டும் பின்னால் சாய்க்கும் நாற்காலி உதவாது. தொடைக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள கோணம் விரிந்தவுடன் உடல் விறைத்துக் கீழே வழுக்கும். இருக்கையும் முதுகும் ஒரே கோணத்தில் சேர்ந்து பின்னால் சாயும் வகை வேண்டும். ஊட்டும்போது மட்டும் அதை நிமிர்த்தி, தலை சற்றே முன்னால் இருக்கும்படி வைக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

பட்டை விஷயத்தில் கொஞ்சம்கூட அலட்சியம் கூடாது. இடுப்புப் பட்டை வயிற்றைச் சுற்றி வரக்கூடாது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், இருக்கைக்கு 45 முதல் 60 பாகைச் சாய்வில் பின்னோக்கிக் கீழிறங்கிச் சட்டத்தில் கட்டப்பட வேண்டும். இடுப்புப் பட்டை இல்லாமல் மார்புப் பட்டை மட்டும் போடவே கூடாது. குழந்தை கீழே வழுக்கினால் மார்புப் பட்டை கழுத்தை இறுக்கிவிடும்.

தன் கையால் தள்ளுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகாம் நாற்காலியில் பின்சக்கர அச்சு ஓரிடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும், நகர்த்த முடியாது. அது வெகுவாகப் பின்னால் இருப்பதால் பின்னால் கவிழாது, உண்மை. ஆனால் எடையில் நிறையப் பங்கு சிறிய முன்சக்கரங்களில் விழும், திருப்ப வலு வேண்டும், கை பின்னால் எட்டியே தள்ள வேண்டும். வருடக்கணக்கில் இப்படித் தள்ளினால் தோள்பட்டை போய்விடும். பின்சக்கரத்தில் கையால் தள்ளும் வளையத்தின் உச்சியில் கை வைத்தால், மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே முழங்கையில் 100 முதல் 120 பாகைக் கோணம் இருக்க வேண்டும். அச்சை முன்னும் பின்னும் மாற்றிப் பொருத்தத் துளைகள் உள்ள நாற்காலிக்கு இதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். மண் தரையில் முன்சக்கரத்தின் அகலமும் முக்கியம். மெல்லிய சக்கரம் மண்ணில் புதையும். கரடுமுரடான இடத்துக்கு அகலமான ரப்பர் முன்சக்கரமோ, முன்னால் ஒற்றைச் சக்கரம் நீண்டு நிற்கும் மூன்று சக்கர வகையோதான் உதவும்.

இனி சேவை. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, வீல்சேர் கொடுப்பதை எட்டுப் படிகளாகச் சொல்கிறது: அனுப்பிவைத்து நேரம் குறிப்பது, மதிப்பிடுவது, தேர்ந்தெடுத்து எழுதுவது, பணம் ஏற்பாடு செய்து வரவழைப்பது, நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்துப் பொருத்துவது, பயிற்சி தருவது, பழுதுபார்த்துத் தொடர்ந்து கவனிப்பது. ஒரே பகலில் நூறு பேருக்கு வழங்கும் முகாமில் நாற்காலி கைமாறுவது மட்டுமே நடக்கிறது. கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான். அதே பணத்தில் நாற்காலிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மெத்தையும் அளவெடுக்கும் ஆளும் சேர்த்தால் பயன் கூடும். குடும்பத்தார் கேட்க வேண்டியவை சில: எத்தனை அளவுகள் வைத்திருக்கிறீர்கள்? யார் அளவெடுப்பார்? மெத்தை சேர்த்தா? டயரும் டியூபும் சைக்கிள் கடையில் கிடைக்கும் அளவா? முன்சக்கர பேரிங்கின் எண் என்ன? ஆறு வாரத்தில் மறுபடி பார்ப்பீர்களா? ‘ஒரே அளவுதான்’ என்று பதில் வந்தால், நாள் முழுதும் உட்காரும் ஆளுக்கு அங்கே வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பயிற்சியை யாரும் ‘இதில் என்ன கற்க இருக்கிறது’ என்று தள்ளிவிடக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் முதலில் பிரேக் போட்டு, கால்மிதியை மடக்கிவிட வேண்டும். கால்மிதியில் மிதித்து எழுந்தால் நாற்காலி முன்னால் கவிழும். செங்குத்தான சரிவில் துணையாள் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்க வேண்டும். படியில் தூக்கும்போது கழன்று வரும் கைதாங்கியையோ கால்மிதியையோ பிடிக்காமல், சட்டத்தைப் பிடிக்க வேண்டும். வீட்டில் சாய்தளம் போடுவதாக இருந்தால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதாவது 30 செ.மீ. வாசலுக்கு 3.6 மீட்டர்.

பராமரிப்பில் முதலிடம் காற்றுக்கு. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் 5 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக்கூடாது. காற்று குறைந்தால் தள்ளுவது கனக்கும், அதோடு பிரேக்கும் பிடிக்காது. இந்த பிரேக் டயரின் மேற்பரப்பை அழுத்தித்தான் நிறுத்துகிறது, டயர் தளர்ந்தால் அதற்குப் பிடிமானம் இல்லை. பிரேக் சரியில்லை என்று கொண்டுவரும் நாற்காலிக்கு ஸ்பேனரை எடுக்கும் முன் பம்பை எடுங்கள். மாதம் ஒருமுறை முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் பிடுங்கி, பெருக்கல் குறியின் நடு போல்ட்டை இறுக்கிப் பார்த்து, அசையும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நடு போல்ட் தேய்ந்து ஆடத் தொடங்கினால் நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்காது, நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும்.

மெத்தை உறையை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்து, ஃபோமை வெயில் படாத நிழலில் காயவைக்க வேண்டும். உறையைத் திருப்பிப் போடும்போது பள்ளம் உள்ள பக்கம் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். முன்பின் மாறிப்போனால் மெத்தை கொடுத்த பயன் முழுதும் போய்விடும். பேனாவால் ‘முன்’ என்று ஃபோமிலேயே எழுதி வைத்துவிடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பெஞ்சில், அதே புத்தகங்களை நிறுத்தி மறுபடி அளந்து, போன தடவை எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டுக் கால்மிதியை இறக்குங்கள்.