முப்பது வருடம் புழங்கியபின்: எழுபதுகளின் தொடக்கத்து ஆல்பங்கள் சில

புதுப் போன் வாங்கி மூன்று மாதம் ஆனதும் ‘லாங் டேர்ம் ரிவ்யூ’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில், 1994இலிருந்து விடாமல் புழங்கிவரும் சில பொருட்களைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. எல்லாம் 1971க்கும் 1973க்கும் நடுவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வந்த ராக், பாப் ஆல்பங்கள். நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டவை. கேசட், சிடி, எம்பி3, இப்போது போன் என்று நாலு வடிவத்திலும் கேட்டாகிவிட்டது. எது தேய்ந்தது, எது தேயவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. எனக்கு கிடார் பிடிக்கக்கூடத் தெரியாது என்பதால் இசை விமர்சனம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் கைக்கு வந்தது ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். ஹாஸ்டலில் எதிர் அறையில் இருந்த சீனியர் அண்ணன் படிப்பு முடிந்து கிளம்பும்போது விட்டுவிட்டுப் போனது. ஒரு பக்கம் பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’. மறுபக்கம் லெட் ஸெப்பலினின் நான்காவது ஆல்பம். இரண்டும் ஏறக்குறைய 43 நிமிடம். கேசட்டில் பக்கத்துக்கு 45. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தை வீணாக்க மனம் வராமல், பதிவு செய்து கொடுத்த கடைக்காரர் ஏதோ ஒரு டிஸ்கோ பாட்டின் தலையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார். ஃப்ளாய்டின் ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அடங்கும். அது அடங்கிய மறுநொடி ‘டும் டும்’ என்று டிஸ்கோ. அதுவும் அந்த ஆல்பத்தின் தத்துவத்தில் சேர்த்திதான் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

‘டார்க் சைட்’ 1973 மார்ச்சில் வெளிவந்தது. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ். ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறுகின்றனவே, அவை அந்தப் பாட்டுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. நாலு ஸ்பீக்கர் ஒலிமுறையைச் சோதித்துக் காட்டுவதற்காக பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தவை. ஹாஸ்டலில் இதன் பயன்பாடு வேறு. பரீட்சைக் காலத்தில் கேசட்டை அந்த இடத்துக்குச் சரியாக ஓட்டிவைத்து, விடியற்காலையில் வால்யூமை முழுசாகத் திருப்பிவிட்டால் போதும், மாடியே எழுந்து உட்காரும். பல தடவை செருப்பு பறந்து வந்தது.

முதல் பத்து வருடம் இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்தவை இந்த மாதிரி வித்தைகள்தான். கடிகாரம், ‘மணி’ (பணம்) பாட்டில் தாளத்துக்குச் சில்லறை கொட்டும் கல்லாப்பெட்டி, காதுக்குக் காது ஓடும் சின்தசைசர். முதலில் தேய்ந்தவையும் இவைதான். இன்று கடிகாரம் அலறும்போது எரிச்சல்தான் வருகிறது, எப்போது அடங்கும் என்று காத்திருக்கிறேன். ‘மணி’யின் தாளம் மட்டும் தேயவில்லை. அது ஏழு எண்ணிக்கையில் போகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு அது அசலூர்ச் சரக்காகவே தோன்றாது. தொடையில் தட்டிக்கொண்டே வரலாம். ஆனால் கிடார் தனியாவர்த்தனம் தொடங்கும் இடத்தில் சத்தமில்லாமல் நாலுக்கு மாறிவிடுவார்கள். அங்கே நான் இன்னும் தடுக்கி விழுகிறேன்.

முப்பது வருடமும் கொஞ்சம்கூட நிறம் மங்காதது ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’. பாடுவதில் ஒரு சொல் கிடையாது. கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவழைத்து, சாவைப் பற்றிய பாட்டு, வார்த்தை இல்லாமல் பாடு என்று விட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட ஓர் ஆலாபனைதான், ஆனால் ராகத்துக்குப் பதில் ஒரு மனுஷியின் பயம், கோபம், கடைசியில் ஒரு சோர்வு. ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளமாக 30 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். 2004இல் அவர் வழக்குப் போட, மறுவருடம் சமரசமாகி, இப்போது இசையமைத்தவர் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. எங்கள் கேசட்டில் அவர் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் டேப் ஒருமுறை ரோலரில் சிக்கி, கசங்கி, பென்சிலால் சுற்றி மீட்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு கணம் குரல் தண்ணீருக்குள் போய்விட்டு வரும். சிடியில் முதல்முறை கேட்டபோது குரல் முங்காமல் நேரே போனது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

எம்பி3 காலம் இந்த ஆல்பத்துக்குச் சனி பிடித்த காலம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லாமல் ஒட்டித் தைத்த துணி இது. நான் வைத்திருந்த குட்டி பிளேயர் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அரை நொடி மூச்சு விடும். ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ எழும்புகிற இடத்தில் அந்த அரை நொடி, படியிறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்த மாதிரி. ஐந்தாறு வருடம் இதனாலேயே இந்த ஆல்பத்தைத் தொடவில்லை. இப்போதைய போன் செயலிகளில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. அமைப்புகளுக்குள் போய் ‘கேப்லெஸ்’ என்று இருப்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேசட்டின் மறுபக்கத்துக்கு வருவோம். லெட் ஸெப்பலினின் அந்த ஆல்பத்துக்குப் பெயரே இல்லை. 1971 நவம்பரில் உறையில் குழுவின் பெயர்கூட அச்சிடாமல் விட்டார்கள். இதில் ‘ஸ்டெர்வே டு ஹெவன்’ தேய்ந்ததற்கு நான் பொறுப்பல்ல. எந்தக் கல்லூரி கல்ச்சுரல்ஸ் போனாலும் நாலு பேர் அதன் முதல் அரை நிமிடத்தை மட்டும் வாசித்துத் தேய்த்துவிட்டார்கள். எட்டு நிமிடப் பாட்டின் மிச்ச ஏழரை நிமிடம் பாவம். நான் அதைத் தாண்டி ஓட்டிவிடுவேன்.

ஆனால் கடைசிப் பாட்டு ‘வென் த லெவி பிரேக்ஸ்’ எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் தேறிவிடும். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில் தங்கி, ஸ்டூடியோ வண்டியை வாசலில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். ஜான் பானமின் டிரம்ஸைக் கூடத்தில், மாடிப்படி சுற்றி எழும்பும் வெற்றிடத்துக்கு அடியில் போட்டு, இரண்டே மைக்கை மேலே மாடியிலிருந்து தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். அடிக்கு அடி அந்த வீடே திருப்பிச் சொல்கிறது. பதிவானதில் சில பகுதிகளின் வேகத்தைக் குறைத்தும் வைத்திருக்கிறார்கள், மவுத் ஆர்கன் அப்படி இழுபடுவது அதனால்தான். எங்கள் டேப் ரெக்கார்டரோ பெல்ட் தளர்ந்து தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். நான் பழகியது இரண்டு தடவை மெதுவாக்கப்பட்ட பாட்டு. சரியான வேகத்தில் கேட்டால் அவசரமாக எங்கோ பஸ் பிடிக்கப் போவது போல இருக்கிறது. மூலப்பாட்டு, 1927 மிசிசிப்பி பெருவெள்ளத்தைப் பற்றி கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ். கரை உடைந்தால் தங்க இடமில்லை என்று வரும். தரைத்தள வீட்டிலிருந்து மாடிக்காரர் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு ஏறிய ஓர் இரவுக்கு முன்னால் அந்த வரியை நான் கவனித்ததே இல்லை.

கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ பற்றி ஒரு குற்ற ஒப்புதல். 1999இல் ஆபீஸில் அக்கா ஒருவர் சிடியைக் கையில் கொடுத்து, “கேட்டுப் பாரு தம்பி, சண்டை சச்சரவு இல்லாத பாட்டு” என்றார். ஒரு தடவை ஓட்டிவிட்டு, பியானோ வைத்துக்கொண்டு புலம்பும் பொம்பளைப் பாட்டு என்று மனதுக்குள் தள்ளிவிட்டு, மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். “நல்லா இருந்துச்சுக்கா” என்று பொய்யும் சொன்னேன். பத்து வருடம் கழித்து நானாகத் தேடி வாங்கினேன். இன்று என் வீட்டில் அதிகம் ஓடும் ஆல்பம் இதுதான்.

காரணம் யோசித்தால், இதில் தேய்வதற்கு மேல்பூச்சு எதுவும் இல்லை. 1971 பிப்ரவரியில் வந்தது. தயாரித்தவர் லூ ஆட்லர். பியானோ, பாஸ், அளவாக டிரம்ஸ். பாடுகிறவர் நமக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய குரல் அல்ல, மேலே போனால் கொஞ்சம் கீறும். அதுவரை மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தே பிழைத்தவர். பதினெட்டு வயதில், அப்போதைய கணவர் ஜெரி காஃபினோடு சேர்ந்து ஷிரெல்ஸ் குழுவுக்குக் கொடுத்த ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வை இதில் தானே பாடுகிறார். 1960இல் அது துள்ளலான பாட்டு. இங்கே பாதி வேகத்தில், பின்னால் ஜோனி மிட்செலும் ஜேம்ஸ் டெய்லரும் மெல்லச் சேர்ந்துகொள்ள, அதே கேள்வி வேறு கேள்வியாகிவிடுகிறது. நாளைக்கும் நேசிப்பாயா என்று பதினெட்டில் கேட்பதும், விவாகரத்துக்குப் பிறகு இருபத்தெட்டில் கேட்பதும் ஒன்றா? அமெரிக்க விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்ததும் நாலு கிராமி வாங்கியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய் நறுக்க உட்காரும்போது போட்டால், பன்னிரண்டு பாட்டும் முடிகையில் சாம்பார் இறங்கியிருக்கும். உறையில் ஜன்னலோரம் அவர் அமர்ந்திருக்க, முன்னால் ஒரு பூனை முறைத்துப் பார்க்கும். மகள் சின்ன வயதில் இதற்கு ‘பூனை பாட்டு’ என்றே பெயர் வைத்திருந்தாள்.

‘டேப்பஸ்ட்ரி’ பதிவான அதே கட்டடத்தில் அதே நாட்களில் பதிவானது ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’. இதை வைத்துக்கொண்டு காய் நறுக்க முடியாது. விரலை நறுக்கிக்கொள்வீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ மட்டும்தான் வாங்கியதிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது. அதாவது என் மனக்கணக்கில். 1971 மே மாதம் வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய தம்பி சொன்ன கதைகள், தெருவில் போலீஸ் அடி, காற்றிலும் கடலிலும் கலந்த விஷம். இவ்வளவையும் ஒரு சின்ன அதட்டல்கூட இல்லாமல், ஏதோ பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்கிறார். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவன முதலாளி பெரி கோர்டிக்கு இது பிடிக்கவில்லை. தனிப் பாட்டாக ஜனவரியில் வந்து விற்றுத் தள்ளிய பிறகுதான் ஆல்பத்துக்கு வழிவிட்டார். முதல் சில வருடம் இதை நான் மெத்தென்று பின்னணியில் ஓடும் சங்கதியாக மட்டும் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் ரயிலில், கொஞ்சம் நல்ல ஹெட்போனில் கேட்டபோது பிடிபட்டது, இரண்டு மார்வின் பாடுகிறார்கள். இரண்டு விதமாகப் பாடிப் பதிவு செய்ததை ஒலிப்பதிவாளர் தவறுதலாக ஒன்றாக ஓட்டிவிட, அதுவே பிடித்துப்போய் வைத்துக்கொண்டாராம். ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிடாரோ அதற்கு அடியில் தனிக்கதை சொல்கிறது. உட்கார முடியாத போதையில் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்பார்கள். ஒரு பயணம் முழுக்க அதை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். இதுவும் ஒட்டித் தைத்த ஆல்பம்தான். ஷஃபிளில் போடுவது பாவம்.

டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஐந்து வருடத்தில் தீர்ந்துபோனது. சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ ஊரில் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியின்போது கேசினோ எரிந்ததாக அதன் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டில் வரும் கதை இன்னும் சுவையாக இருக்கிறது, பாட்டுதான் இல்லை. டேவிட் போவியின் ‘ஸிக்கி ஸ்டார்டஸ்ட்’ உறையில் உச்ச வால்யூமில் போடவும் என்று போட்டிருக்கும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அந்த உபதேசத்தை நிறைவேற்ற முடியாது. ஸ்டீவி ஒண்டரின் ‘இன்னர்விஷன்ஸ்’ பற்றி எழுதத் தொடங்கினால் இதே நீளம் இன்னொரு தடவை ஆகும், விட்டுவிடுகிறேன்.

கடைசியாக வந்து சேர்ந்தது நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’. 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே ராத்திரியில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்கப் பதிவானது. ஒரு குரல், ஒரு கிடார், முதல் பாட்டில் மட்டும் ரெண்டு கை பியானோ. மொத்தம் 28 நிமிடம். 1972இல் வெளிவந்தபோது வாங்க ஆளில்லை. 1974இல் 26 வயதில் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அந்த முதல் பாட்டு வந்த பிறகுதான் அமெரிக்கா கடைக்கு ஓடியது.

இதற்கு மட்டும் பயன்பாட்டு விதி ஒன்று வைத்திருக்கிறேன். போனில் இறக்கி வைப்பதில்லை. காரில் கிடையாது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பழைய சிடி பிளேயரில், மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. போன வாரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“யாருப்பா இது? தூங்காம பாடிட்டு இருக்கான்?”

“பழைய ஆளும்மா. நீ போய்ப் படு.”

போகவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் நாலு பாட்டு மிச்சம் இருந்தது.