தேசியச் சங்கமா, உட்சங்கமா, தனியாகவா: கோலாலம்பூர் அலுவலக ஊழியருக்கு எது பொருந்தும்?

மலேசியத் தமிழரிடம் தொழிற்சங்கம் என்றால் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்த பி. பி. நாராயணனும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்தில் மாதந்தோறும் சந்தா செலுத்திய குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று கோலாலம்பூரின் வங்கிக் கிளைகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு போன்ற பணிகளைச் செய்துதரும் பங்சார் சவுத் வட்டாரத்துச் சேவை மையங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சங்கம் என்பது பெற்றோரோடு முடிந்துபோன விவகாரம் என்றே அவர்களில் பெரும்பாலோர் கருதுவதாகத் தோன்றுகிறது. நாட்டின் ஊழியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் மட்டுமே சங்க உறுப்பினர்கள் என்ற நிலையில் இந்த எண்ணம் வியப்புக்குரியதன்று. ஆயினும் அலுவலக ஊழியர் முன் உள்ள வழிகளை அருகருகே வைத்துப் பார்க்காமலேயே அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை.

தேசியச் சங்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிரிக்பீல்ட்ஸில் தலைமையகம் கொண்டுள்ள தேசிய வங்கி ஊழியர் சங்கம். வங்கிகளின் கூட்டமைப்போடு அது செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் பல வங்கிகளின் எழுத்தர்களுக்கு ஒரே அடிப்படையில் சம்பளத்தையும் சலுகைகளையும் வரையறுக்கிறது; ஒரு வங்கியின் நிர்வாகம் மனம் மாறினால் அங்குள்ள எழுத்தரின் சம்பள ஏணி மட்டும் சரிந்துவிடாது. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி அத்தகைய ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். தொழில் நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிவு செய்தபின், ஒப்பந்தத்திற்குள் வரும் பிரிவினரில் சந்தா கட்டாதவருக்கும் அது பொருந்தும். எதிர் இருக்கைக்காரர் கட்டும் சந்தாவில் ஆண்டு உயர்வை வாங்கிக்கொண்டு, “சங்கம் என்ன செய்துவிட்டது?” என்று கேட்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். தேசியச் சங்கத்தின் குறை, தொலைவு. ஒரு கிளையில் வேலை நேரம் மாற்றப்பட்டதைப் பற்றிய முறையீடு மேலே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கிளையின் மேலாளரே மாறிவிடக்கூடும்.

ஒரே நிறுவனத்துக்குள் இயங்கும் உட்சங்கத்தில் அந்தத் தொலைவு இல்லை. 1980களில் கிழக்கு நோக்கும் கொள்கையை ஒட்டி, ஜப்பானிய முறையைக் காட்டி, அரசாங்கமே ஊக்குவித்த வடிவம் இது. உட்சங்கச் செயலாளருக்கு எந்தப் பிரிவில் யார் விடுப்பை மறுக்கிறார் என்பது வரை தெரிந்திருக்கும். மதிய உணவு வேளையில் போய்ப் பேசிவிடலாம். ஆனால் அவருடைய பதவி உயர்வும் இடமாற்றமும் அதே நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. சங்க வேலைக்காக ஊழியரைப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது என்றாலும், நிராகரிக்கப்பட்ட பதவி உயர்வு பழிவாங்கல்தான் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. சம்பளத்தைப் பற்றிக் கடுமையாகப் பேச வேண்டிய ஆண்டில் எனக்குத் தேசியச் சங்கத்தின் மீதே நம்பிக்கை அதிகம்.

இவையெல்லாம் எழுத்தர் நிலையில் உள்ளவருக்கு. சிக்கல் ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பட்டத்தில் தொடங்குகிறது. நிர்வாக, எக்சிகியூட்டிவ், இரகசிய, பாதுகாப்புப் பொறுப்புகளில் இருப்போருக்காக, அத்தகையோரல்லாதவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சங்கம், அவர்கள் சார்பில் பேச முதலாளியின் அங்கீகாரத்தைக் கேட்க முடியாது என்கிறது தொழில் உறவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைப்பதை அது தடுக்கவில்லை. வங்கி அதிகாரிகளுக்கு அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. இருந்தும், பெயர் அட்டையில் அந்தச் சொல் ஏறியவுடன் சங்கக் கதவு மூடிக்கொண்டதாகவே பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு சேவை மையத்தின் ‘சீனியர் எக்சிகியூட்டிவ்’ செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஐரோப்பிய நேரத்துக்கு ஏற்ப மாலையில் வந்து, விலைப்பட்டியலையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு, பொருந்தாத பதிவுகளைச் சிவப்பில் குறித்து, நள்ளிரவுக்குமேல் கிளம்புகிறார். யாருடைய விடுப்பிலும் அவர் கையொப்பமிடுவதில்லை. ஐம்பது ரிங்கிட் செலவுக்கும் மேலிடத்தில் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் மிகைநேர ஊதியமும் அவருக்கு இல்லை. ஒருவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்ற கேள்வி தகராறாகும்போது, தொழில் உறவுத் துறைத் தலைமை இயக்குநர் அதைத் தீர்மானிக்கிறார். அங்கே எடைபோடப்படுவது பட்டமன்று, செய்யும் வேலை. ஆகவே இவரைப் போன்றவர் மனிதவளப் பிரிவு சொன்னதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், தம் வேலைப் பொறுப்புகளை எழுதி எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்குப் போய்க் கேட்பது பயன் தரும்.

தொழில்முறைக் கழகங்களைச் சங்கத்துக்கு மாற்றாகச் சொல்வோர் உண்டு. பொறியாளர், கணக்காளர், மருத்துவர் ஆகியோரின் கழகங்கள் தகுதியையும் ஒழுங்கையும் காக்கின்றன, அரசாங்கத்திடம் குரல் கொடுக்கின்றன. ஆனால் பதிவு பெற்ற தொழிற்சங்கமாக இல்லாத அமைப்பு முதலாளியோடு கூட்டு ஒப்பந்தம் பேச முடியாது. 2021 ஜூலை 26 அன்று அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்தைவிட்டு வெளிநடப்புச் செய்தபோது, பட்டமும் கழகமும் இருந்தும் வேலை உறுதி இல்லாத நிலை ஊரறிந்ததாயிற்று.

எதிலும் சேராமல் இருப்பவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், சம்பளம் எவ்வளவானாலும், 60 நாட்களுக்குள் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ்த் தொழில் உறவுத் துறையிடம் முறையிடலாம். சமரசக் கூட்டத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. சங்க அலுவலர் உடன் வரலாம். சமரசம் தோற்று, வழக்கு தொழில் நீதிமன்றத்தில் வென்றால், நிரந்தர ஊழியருக்கு 24 மாதங்கள் வரையும் தகுதிகாண் பருவத்தவருக்கு 12 மாதங்கள் வரையும் பின்சம்பளம் கிடைக்கலாம். மதிப்புள்ள உரிமைதான், ஆனால் வேலை போன பிறகே கைக்கு வரும் உரிமை. ஊதிய உயர்வு நின்றபோதும் வேலைச்சுமை இரட்டிப்பானபோதும் அது உதவாது.

சங்கத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது. பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு ஆகியவற்றைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையாக வைக்க அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருவதில்லை; அவற்றைப் பற்றிப் பொதுவான கேள்விகளை எழுப்பலாம், அவ்வளவே.

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், குறிப்பிட்ட தொழில் அல்லது நிறுவனம் என்ற வரம்புக்குள்தான் சங்கம் அமைக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. வெவ்வேறு நிறுவனங்களில் ஒரே வகை வேலை செய்யும் சேவை மைய ஊழியர்கள் ஒன்றுகூடுவது இப்போது சாத்தியம். பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் கையொப்பம் போதும். முதலாளியின் அங்கீகாரம் வேறு விவகாரம். கோரிக்கை வந்த 21 நாட்களுக்குள் அவர் பதிலளிக்க வேண்டும்; மறுத்தால் இரகசிய வாக்கெடுப்பு வரை போகலாம், அதில் பெரும்பான்மை காட்ட வேண்டியது ஊழியர் பக்கம். எழுத்தர் நிலையில் உள்ளவர் இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. தம் துறைக்குத் தேசியச் சங்கம் இருந்தால் அதில் சேரட்டும். எக்சிகியூட்டிவ் பட்டம் பெற்றவர்களுக்கு, வேலைப் பொறுப்பைச் சோதித்துப் பார்ப்பதையோ புதிய சங்கத்துக்காகத் தம்மோடு சேர இன்னும் ஆறு பேரைத் தேடுவதையோ விட எளிதான வழி எனக்குத் தென்படவில்லை.