கம்பியா, நூலா: மணி எலும்புக்கூடு டாலரை எதில் கட்டுவது?

என் மேசையில் இப்போது இரண்டு எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. இரண்டும் பொடிப் பாசிமணியில் நானே கட்டியவை, ஆளுக்கொரு சுண்டுவிரல் உயரம். செம்புக் கம்பியில் கட்டியதற்கு இடது கை முழங்கையோடு போய்விட்டது. நூலில் பின்னியது என் அக்கா மகளுடையது. தோளில் நூல் அறுந்ததென்று போன வாரம் கொடுத்துவிட்டுப் போனாள். இருபது நிமிடத்தில் சரி செய்து வைத்துவிட்டேன், வரும் ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வாள். இந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் திருப்பதியில் பிசியோதெரபி படிக்கிறாள். "சித்தி, எலும்புக்கூடு டாலர் வைத்து ஒரு மணிமாலை கட்டிக் கொடு" என்று கேட்டபோது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. சாவைக் கழுத்தில் மாட்டுவதா என்றார். ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊர் நகரியிலிருந்து ரயிலேறி அரக்கோணம் போய் வண்டி மாறினால் திருவாலங்காடு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நாங்கள் போகிற கோயில். அங்கே இரத்தின சபையில் ஆடுகிற சிவன் காலடியில் காரைக்கால் அம்மையார் என்ன உருவத்தில் இருக்கிறார் என்று அத்தையையே கேட்டேன். அழகும் சதையும் வேண்டாம் என்று உதறி, எலும்பும் நரம்புமாகப் பேயுருவை வேண்டி வாங்கிக்கொண்டவர் அவர். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கருகமணி மட்டும் சேர்க்காதே" என்றார். இந்தப் பக்கத்தில் தெலுங்குக்காரர்கள் அதை நல்லபூசலு என்பார்கள், தாலியோடு அணிகிற மணி. அது நியாயமான பேச்சு என்று பட்டது. கண்குழிக்கும் மாலைச் சரத்துக்கும் கருநீல மணி எடுத்தேன். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வரவேற்று எலும்புக்கூடுகளைப் பூவும் வண்ணமுமாக அலங்கரிப்பார்கள் என்று அக்கா மகள் சொல்லியிருந்ததால், தலையில் ஒரு சிவப்புப் பூவும் வைத்தேன்.

உருவம் இரண்டுக்கும் ஒன்றுதான். மணியில் நம்பர் ஏற ஏற அளவு குறையும் என்பதை மட்டும் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். முதுகெலும்புக்கு 8ஆம் நம்பர், அது சுமார் 3 மில்லிமீட்டர். மற்றதெல்லாம் 11ஆம் நம்பர், 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மண்டையோடு செங்கல் அடுக்கு மாதிரி, கீழ் வரிசையின் இரண்டு மணிக்கு நடுவில் மேல் மணி உட்காரும்படி வரும். விலா எலும்பு 12 ஜோடி வேண்டும் என்று அக்கா மகள் பிடிவாதம் பிடித்தாள். இந்த அளவில் 12 ஜோடி வைத்தால் இடைவெளியே இல்லாமல் பலகை மாதிரி ஆகிவிடும். 5 ஜோடி வைத்து நடுவில் வெளிச்சம் தெரிய விட்டால்தான் அது விலா என்று கண்ணுக்குத் தெரியும். மொத்த உடம்புக்கும் 250 மணிக்கு மேல் போகாது. எடை மூன்று கிராம் அளவில்தான் இருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. கடையில் வார்த்த உலோக டாலரை வாங்கி மணிச்சரத்தில் கோத்துவிடலாம், அதற்கு யோசிக்க ஒன்றும் இல்லை. தங்கூசி என்கிற நைலான் இழையில் கட்டினால் வழவழப்பில் முடிச்சு நழுவும், ஒரு கோடை வெயிலில் இழுபட்டு மணிகளுக்கு நடுவே இடைவெளி விழும். தையல் நூலைக் கண்ணாடி மணியின் விளிம்பே அறுத்துவிடும். இழுவை ரப்பர் கை வளையத்துக்குச் சரி. ஆக, உண்மையான போட்டி செம்புக் கம்பிக்கும் பின்னல் நூலுக்கும்தான்.

கம்பியில் முதலில் ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நகரியில் விசைத்தறி ஓடாத தெரு குறைவு, தறி இருந்தால் மோட்டார் காயில் கட்டுகிற கடையும் இருக்கும். அங்கே எனாமல் பூசிய, 28 கேஜ் தடிமனுள்ள செம்புக் கம்பியை எடை போட்டுக் கொடுத்தார்கள். ஊசி வேண்டாம், மெழுகு வேண்டாம். மணியைக் கோத்து, கம்பியின் மறுமுனையை எதிர்ப் பக்கமாக அதே மணிக்குள் விட்டு இழுத்தால் வரிசை பிடித்துக்கொள்ளும். ஒரே பிற்பகலில் முடித்தேன். வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும். ஒரு காலைத் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் மாதிரிகூட நிறுத்திப் பார்த்தேன், அவ்வளவு அழகு. நூலில் அது நடக்காது, கைகால் தொங்கத்தான் செய்யும்.

அது போன வருஷம் சித்திரை. கத்திரி வெயில் தாண்டுவதற்குள் வெள்ளை மணிகளின் ஓட்டையோரம் பச்சை வளையம் தெரிந்தது. மணியின் விளிம்பு எனாமலைச் சுரண்டியிருக்கிறது, சுரண்டிய இடத்தில் வியர்வை உப்பு செம்பைத் தொட்டுக் களிம்பாக்கிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் செம்புப் பாத்திரம் பளிச்சென்று ஆகும். ஆனால் களிம்பு இருப்பது மணிக்குள்ளே, கை போகாத இடத்தில். ஆடியில் முழங்கை ஒடிந்தது. செம்பை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது இறுகி, பிறகு பட்டென்று முறியும். கழுத்தில் தொங்குகிற டாலர் நடக்கும்போதெல்லாம் ஆடும், ஆட்டம் முழுக்க மூட்டில்தான் விழும்.

முறிந்தது பெரிய குறை இல்லை. எதில் செய்தாலும் ஒரு நாள் எங்காவது போகத்தான் போகும். போன பிறகு என்ன செய்ய முடியும் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கையை மாற்ற உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மாற்ற வழியே இல்லை. தோள் மணிக்குள் ஏற்கெனவே இரண்டு கம்பி போயிருக்கிறது. 11ஆம் நம்பர் மணியின் ஓட்டை முக்கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 28 கேஜ் கம்பி இரண்டு போனாலே அது நிறைந்துவிடும், மூன்றாவது கம்பி நுழையாது. அழுத்தினேன், மணியில் வெடிப்பு விழுந்தது. வெளியே முறுக்கி ஒட்டுப் போட்டேன், அந்த முனை துப்பட்டாவில் மாட்டி இழுத்தது, கழுத்தில் கீறியது. முழுவதையும் பிரித்து முதலிலிருந்து கட்டுவதுதான் ஒரே வழி.

தறிக்காரர் வீட்டில் இருந்துகொண்டு இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். தறியில் நெடுக ஓடுகிற பாவில் ஒரு இழை அறுந்தால் யாரும் பாவை மாற்றுவதில்லை. அந்த இழையை மட்டும் முடிந்துவிட்டுத் தறியை ஓட்டுகிறோம். அப்படி ஓட்டக்கூடிய பொருளாக இந்த டாலரும் இருக்க வேண்டும் என்று ஆவணியில் நூலுக்கு மாறினேன்.

நான் எடுத்தது ஃபயர்லைன். தூண்டிலுக்கென்று வந்த பாலிஎதிலின் பின்னல் நூல், 6 பவுண்டு தாங்கும் அளவு. தடிமன் 0.15 மில்லிமீட்டர்தான். தண்ணீர் குடிக்காது, நைலான் மாதிரி நனைந்து நீளாது, வியர்வையில் ஊறிக் கெடாது. கருஞ்சாம்பல் நிறத்தை வாங்காதீர்கள், அதன் கறை விரலிலும் வெள்ளை மணியிலும் ஒட்டும். வெள்ளை நிறத்திலேயே கிடைக்கிறது. 12ஆம் நம்பர் மணியூசி வேண்டும், அது வளைந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வேலை கம்பியைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். எனக்கு மூன்று மாலைப்பொழுது போனது. மண்டையோட்டில் இழுப்புச் சமமாக இல்லாமல் தாடை கோணிப்போய் ஒரு தடவை பிரித்தேன்.

முக்கியமானது ஓட்டைக் கணக்கு. இந்தத் தடிமனில் ஒரே மணிக்குள் நாலைந்து தடவை நூல் போகும். போகுமே என்று முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. பின்னும்போது எந்த மணிக்குள்ளும் இரண்டு தடவைக்கு மேல் நூலை விடாமல் பார்த்துக்கொண்டேன். தோளும் இடுப்பும் பலமாக வேண்டிய இடம், அங்கே மட்டும் மூன்று. மீதி இடம் பிற்பாடு பழுது பார்க்க. கைகால்களையும் உடம்போடு ஒரே நூலில் ஓட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி நூல், தோளில் தொடங்கி விரல்நுனி மணியைச் சுற்றித் திரும்பித் தோளுக்கே வந்து, உடம்புக்குள் நாலைந்து மணி தாண்டி முடிச்சு. ஒரு கை போனால் அந்தக் கையோடு போகும், விலா அசையாது.

போன வாரம் அதுதான் நடந்தது. வலது தோளில் நூல் அறுந்து கை கழன்றிருந்தது. மணிகளை அவள் பத்திரமாக ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பழைய நூலின் மீதியை ஊசிமுனையால் நெம்பி எடுத்தேன், புது நூலை விலாவிலிருந்து தொடங்கித் தோள் வழியாக இறக்கி, கையைக் கோத்துத் திரும்பி வந்து, வேறொரு விலாவில் முடிந்தேன். எந்தக் கை மாற்றியது என்று கேட்டால் எனக்கே இப்போது தேடத்தான் வேண்டும்.

பதினாலு மாதம் தினமும் போட்ட ஒரே ஒரு மாலையை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. தோளில் ஏன் அறுந்தது என்று பார்த்தால், அந்த இடத்து மணி ஒன்றின் விளிம்பு கூராக இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன். ஜப்பான் மணியில் விளிம்பும் ஓட்டையும் ஒரே சீராக இருக்கும், விலை பல மடங்கு. நான் சௌகார்பேட்டையில் வாங்கிய சாதா மணியைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். வெள்ளிக் கம்பியில் கட்டுகிறவர்களுக்குப் பச்சைக் களிம்புத் தொல்லை இருக்காது. ஓட்டை அடைபடுகிற தொல்லை அதே கேஜில் அப்படியேதான் இருக்கும்.

கம்பியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உடம்பில் படாமல், ஆடாமல் ஓரிடத்தில் தொங்கப் போகிறது என்றால் கம்பிதான் சரி, அந்த நிமிர்ந்த நிலை நூலில் வராது. கழுத்துக்கு என்றால் நூல். மாலைச் சரத்தையும் டாலரையும் தனித்தனியாகக் கட்டி ஒரு சின்ன வளையத்தில் இணையுங்கள். சரம் 22 அங்குலத்துக்கு 400 மணி பிடிக்கும், அது அறுந்தால் டாலரைத் தொடாமலே புதிதாகக் கோத்துவிடலாம். மாதம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு அலசி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினால் போதும்.

கை போன கம்பி எலும்புக்கூட்டையும் அக்கா மகள் கேட்டிருக்கிறாள், படிக்கிற மேசையின் சுவரில் மாட்ட. தோள் மணிக்குள் இடம் இல்லை. ஆனால் தோள் மணிக்கும் கழுத்து மணிக்கும் நடுவே கடுகளவு கம்பி வெளியே தெரிகிறது. இடது கையை மட்டும் நூலில் பின்னி, அந்த இடத்தில் சுற்றிக் கட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுவேன்.