பயாஸ் எழுதக் கொடுத்தால், பழைய டம்ப்பைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

லேப்டாப்பை எழுப்பித் திரையைக் கொண்டுவரும் அடிப்படைப் புரோகிராம்தான் பயாஸ். அதன் அப்டேட் பாதியில் நின்றுபோன லேப்டாப். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பழுதுபார்க்கக் கொடுத்தால் இரண்டே நாளில் “பயாஸ் போட்டாச்சு, ஓடுது” என்று திருப்பித் தருகிறார்கள். கடையில் ஆன் செய்து காட்டும்போது விண்டோஸும் வந்துவிடுகிறது. வீட்டில் வேலையைத் தொடங்கினால் 30 நிமிடத்தில் பட்டென்று அணைகிறது. மறுபடி ஆன் செய்தால் மறுபடி அரை மணி நேரம்தான். முன்பு சில நொடிகளில் வந்த திரை இப்போது ஒரு நிமிடம் கழித்து வருகிறது. ஃபேன் ஓயாமல் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஸ்லீப்பில் போட்டால் எழுந்திருப்பதில்லை. விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கிறது. பயாஸ் திரையில் காட்டும் சீரியல் நம்பரும், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் ஒத்துப்போவதில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால், “அது போர்டு கம்ப்ளைன்ட், போர்டு மாத்தணும்” என்கிறார்கள்.

போர்டில் ஒரு குறையும் இல்லை. பயாஸ் சிப்பில் இருந்ததைப் படித்து வைக்காமல், எங்கோ கிடைத்த வேறொரு லேப்டாப்பின் டம்ப்பை, அதாவது அதன் சிப்பில் இருந்ததன் முழு நகலை, அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன அத்தனை கோளாறுக்கும் வேர் இந்த ஒன்றுதான்.

பயாஸ் சிப் என்பது எட்டுக் கால் உள்ள ஒரு சிறு ஃபிளாஷ் மெமரி. அதன்மேல் 64, 128, 256 என்று அச்சிட்டிருப்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 8, 16, 32 எம்பி. இன்டெல் லேப்டாப்பில் இந்த இடம் முழுவதும் பயாஸுக்கு மட்டும் உரியதல்ல. தொடக்கத்தில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் டிஸ்கிரிப்டர் இருக்கும். அதன்பின் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியான மேனேஜ்மென்ட் என்ஜினின் புரோகிராம் இருக்கும் எம்இ பகுதி, சில மாடல்களில் லேன் போர்ட்டின் அடையாள எண்ணான மேக் முகவரி இருக்கும் பகுதி, மீதியில் பயாஸ். அந்தப் பயாஸ் பகுதிக்குள்ளேயே சீரியல் நம்பர், யுயுஐடி எனும் தனி அடையாள எண், கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸ் கீ, உங்கள் செட்டிங்குகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அப்டேட் நின்றுபோனால் பெரும்பாலும் பாழாவது பயாஸ் புரோகிராம் இருக்கும் இடம் மட்டுமே. மற்றவை அப்படியே நலமாக இருக்கும். அவை உங்கள் லேப்டாப்புக்கு மட்டுமே உரியவை, முழு நகல் வேறெங்கும் கிடையாது. அதன்மேல் இன்னொருவரின் டம்ப்பை எழுதினால் பாழானதோடு நல்லதும் சேர்ந்து அழிகிறது. எம்இ சரியாகத் தொடங்காத இன்டெல் லேப்டாப் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். சிப்செட்டின் வடிவமைப்பே அப்படி. ஆகவே அரை மணியில் அணையும் லேப்டாப் “ஹீட் ஆகுது” என்று சொல்லி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவதற்கும் பணம் வாங்கினால் அதுவும் ஏமாற்றே.

இதைவிடக் கொடிய இழப்பு ஒன்று உண்டு. டிரைவின் பூட்டுக்கான சாவியைக் காக்கும் டிபிஎம் எனும் பாதுகாப்புப் பகுதி தன் ரகசியங்களை இழப்பதுதான் அது. பல லேப்டாப்களில் தனி டிபிஎம் சிப் இல்லை. இன்டெலில் எம்இ-க்குள், ஏஎம்டியில் பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி அந்த வேலையைச் செய்கிறது. அது தன் ரகசியங்களைச் சேமித்து வைப்பது இதே பயாஸ் சிப்பில். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிரைவ் தானாக என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டு விடுகிறது. வைத்திருப்பவருக்கே அது தெரியாது. வேறு டம்ப்பை எழுதியதும் அந்தப் பூட்டான பிட்லாக்கரின் நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ கையில் இல்லாவிட்டால் டிரைவில் உள்ள படங்களோ கணக்குகளோ திரும்பி வராது. பழைய டம்ப் இருந்தால் மீட்க வழி இருக்கிறது. அதை அழித்துவிட்டு, “வைரஸ், ஃபார்மேட் பண்ணணும்” என்று சொல்லும் கடைக்காரர் செய்தது சின்னத் தவறு என்று எங்களால் ஏற்க முடியவில்லை. ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கும் முன் வேறொரு கணினியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து ரெக்கவரி கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

சரியான வேலை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தவறான வேலையைக் கண்டுபிடிக்க முடியும். முதலில் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளிருக்கும் பேட்டரியின் கனெக்டரையும் போர்டில் இருக்கும் சிறு வட்ட பேட்டரியான காயின் செல்லையும் கழற்ற வேண்டும். அடுத்து சிப்பின்மேல் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் வோல்டேஜ் அதில்தான் இருக்கிறது. வின்பாண்ட் சிப்பில் நம்பரின் கடைசியில் எஃப்வி, ஜேவி என்றிருந்தால் 3.3 வோல்ட். எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றிருந்தால் 1.8 வோல்ட். மேக்ரோனிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யு என்றால் 1.8. சிப்பைப் படிக்கவும் எழுதவும் பல மேசைகளில் கிடக்கும் கருவி கறுப்புநிற சிஹெச்341ஏ புரோகிராமர். அது சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும், அதன் பழைய வடிவத்தில் டேட்டா லைன்களில் 5 வோல்ட் வருகிறது. 1.8 வோல்ட் சிப்பில் அடாப்டர் இல்லாமல், சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி அதை இயக்கினால் சிப் போகலாம். கிளிப் வழியே அதே லைனில் இருக்கும் சிப்செட்டும் போகலாம். சரிசெய்யக் கூடியதாக வந்த போர்டு மேசையிலேயே உண்மையாகச் சாவது இப்படித்தான். உங்களிடம் வரும் பதில் மட்டும் “அப்டேட்ல போர்டே போயிடுச்சு” என்பதாக இருக்கும்.

கிளிப்பின் சிவப்புக் கம்பி சிப்பில் புள்ளி வைத்த ஒன்றாம் காலில் உட்கார வேண்டும். பிறகு படிப்பது. ஒருமுறை படித்தால் போதாது. போர்டிலேயே வைத்துப் படிக்கும்போது எட்டாம் காலுக்குக் கொடுக்கும் மின்சாரம் போர்டின் மற்ற பகுதிகளுக்கும் கசிந்து வோல்டேஜ் இறங்கும், பிட்டுகள் மாறி வரும். மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருந்தால் மட்டுமே அது நம்பத்தக்க டம்ப். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வந்தால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது மின்சாரம் போதவில்லை. அப்போது சிப்பைச் சுற்றிலும் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டி, ஹாட் ஏரில் கழற்றி, சாக்கெட்டில் வைத்துப் படிக்க வேண்டும். கோப்பு முழுக்க எஃப்எஃப் என்றோ சைபர் என்றோ வந்தால் சிப் காலி என்று முடிவுகட்டி எழுதத் தொடங்குகிறார்கள் சிலர். பல நேரம் அது வெறும் கிளிப் கோளாறு.

டம்ப் கையில் வந்த பிறகு, கம்பெனி தளத்தில் இருக்கும் அப்டேட் கோப்பிலிருந்து பயாஸ் பகுதியைப் பிரித்தெடுத்து, பழைய டம்ப்பில் அந்த இடத்தில் மட்டும் பொருத்தி, சீரியலும் விண்டோஸ் கீயும் இருக்கும் பகுதியைப் பழையதிலிருந்தே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எழுதியபின் மறுபடி படித்து ஒப்பிட வேண்டும். இங்கேயும் சறுக்குகிறார்கள். டவுன்லோட் செய்த கோப்பு சிப்பின் அளவுக்குச் சமமாக இல்லாமல் சின்னதாக இருந்தால் அது பயாஸ் பகுதி மட்டுமே. அதைச் சிப்பின் தொடக்கத்திலிருந்து எழுதினால் டிஸ்கிரிப்டர் அழிந்து லேப்டாப் அடியோடு நின்றுவிடும். ஏசுஸ் போர்டுகளின் சிஏபி கோப்பில் முன்னால் ஒரு தலைப்புப் பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும், பல மாடல்களில் 2048 பைட். அதை வெட்டாமல் எழுதினால் எல்லாமே அந்த அளவு தள்ளிப்போய் உட்காரும்.

இனி, “போர்டு போச்சு” என்ற தீர்ப்பு. அதைச் சொன்னவர் சிப்பைப் படித்தாரா என்று கேளுங்கள். படிக்காமல் சொன்னால் அது சோதனை செய்யாத தீர்ப்பு. சார்ஜ் விளக்கு எரிந்து, பட்டனுக்குப் பதில் கிடைத்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் வராமல் இருந்தால், அதுவும் அப்டேட்டுக்குப் பிறகே அப்படி ஆனது என்றால், முதல் சந்தேகம் பயாஸ் மேல்தான் வர வேண்டும். டெல் லேப்டாப்களில் பவர் விளக்கு ஆரஞ்சில் இரண்டு, வெள்ளையில் இரண்டு என்று மாறி மாறிச் சிமிட்டினால் போர்டின் பயாஸ் அல்லது ரோம் (ROM) பழுது என்று கம்பெனியே குறிக்கிறது. இங்கே ரோம் என்றால் பயாஸ் எழுதியிருக்கும் ரீட் ஒன்லி மெமரி, மெமரி ஸ்டிக் இல்லை. மெமரி ஸ்டிக்கை மாற்றி விற்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய போர்டைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். பயாஸ் மட்டும் கெட்ட போர்டு, எழுதிவிட்டால் இன்னொரு லேப்டாப்பில் விற்கத்தக்க நல்ல போர்டு.

கடைப்படி ஏறாமலே சரியாகும் வாய்ப்பும் பெரியது. கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. புதிய டெல் மாடல்களில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடியே சார்ஜரைச் செருகினால் ரெக்கவரி திரை வரும். ஹெச்பியில் விண்டோஸ் பட்டன், பி இரண்டையும் பிடித்துக்கொண்டு பவர் பட்டனையும் இரண்டு மூன்று நொடி சேர்த்து அழுத்திப் பார்க்கலாம். பென் டிரைவ் தேவைப்பட்டால், ஹெச்பியின் பயாஸ் கோப்பை வேறு கணினியில் இயக்கும்போது ரெக்கவரி டிரைவ் உருவாக்கும் தெரிவு வரும். திரை கறுப்பாகவே இருந்தாலும் அவசரப்பட்டுப் பட்டனை அழுத்தக் கூடாது. டெஸ்க்டாப் போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசஸரும் மெமரியும் இல்லாமலே எழுதலாம். 24 பின், 8 பின் பவர் இரண்டும் செருகியிருக்க வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32-ல் ஃபார்மேட் ஆகி, அதற்கென்று குறியிட்ட போர்ட்டில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரை எம்எஸ்ஐ போர்டுக்கு ‘எம்எஸ்ஐ.ஆர்ஓஎம்’ என்றும், ஜிகாபைட் போர்டுக்கு ‘ஜிகாபைட்.பின்’ என்றும் ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டும். பெயர் தவறினால் விளக்கு சில நொடி சிமிட்டி நின்றுவிடும், போர்டு கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காயின் செல்லைக் கழற்றுவது அதிகபட்சம் செட்டிங்குகளை மட்டுமே அழிக்கும், பாழான பயாஸைத் திரும்ப எழுதாது. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அப்டேட் செய்யும் கட்டத்திலேயே ஏமாறுபவர்களும் உண்டு. டிரைவர் எல்லாவற்றையும் அப்டேட் செய்கிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருளிடமிருந்தோ, பயாஸ் கோப்புகளைக் குவித்து வைத்திருக்கும் வேற்றுத் தளங்களிலிருந்தோ எதையும் எடுக்காதீர்கள். கம்பெனி தளத்தில் லேப்டாப் என்றால் சீரியல் நம்பரைக் கொடுத்துத் தேடுங்கள். டெஸ்க்டாப் போர்டு என்றால் போர்டின்மேல் அச்சிட்ட ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் 1.0-க்கும் 1.1-க்கும் கோப்பு வேறாக இருக்கலாம். தொடங்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களைக் கெடுத்த வோல்டேஜ் பிழைக்கு 2024 ஆகஸ்ட்டில் வந்த திருத்தம் பயாஸ் வழியேதான் வந்தது. அப்டேட் முடிந்த முதல் பூட்டில், முக்கியமாக டிடிஆர்5 மெமரி உள்ள போர்டுகளில், திரை வரப் பல நிமிடம் ஆகலாம். நல்லபடி முடிந்த அப்டேட்டையும் பயந்துபோய் அந்த நேரத்தில் பவரை நிறுத்திக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே வேறு டம்ப் எழுதப்பட்ட லேப்டாப் கையில் இருக்கிறதா? எழுதிய கடையில் பழைய கோப்பு கணினியில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சிலர் எடுத்து வைத்திருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் அதே எம்இ பதிப்பின் சுத்தமான பகுதியை உங்கள் போர்டுக்கு அமைத்து எழுதினால் அரை மணிச் சாவும் ஃபேன் கூச்சலும் நிற்கும். சீரியல் நம்பர் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. மேக் முகவரி வீட்டு ரவுட்டரின் பழைய கருவிகள் பட்டியலில் இருக்கலாம். டிபிஎம் ரகசியம் மட்டும் திரும்பாது.

கொடுக்கும்போதே ரசீதில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: எழுதும் முன் சிப்பைப் படித்து டம்ப் எடுக்கப்படும், அந்த டம்ப் பென் டிரைவில் தரப்படும், டிரைவ் ஃபார்மேட் செய்யப்படாது. திரும்ப வாங்கும்போது அந்தக் கோப்பின் அளவு 8, 16, 32 எம்பி என்று சிப்பின் அளவுக்கு மிகச் சரியாக இருக்கிறதா பாருங்கள். பயாஸ் திரையில் சீரியலை ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள், எம்இ பதிப்பு காட்டும் இடத்தில் சைபர்களோ, காலியாகவோ இருக்கக் கூடாது. ஒருமுறை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து 45 நிமிடம் ஓடவிடுங்கள். அரை மணியைத் தாண்டி ஓடினால் பணம் கொடுங்கள்.