வரலாறு ஆப்ஷனல் தபால் தொகுப்பு: வரைபடத்துக்காக வாங்கலாம், மற்றதுக்கு யோசிக்கவும்

கூரியர்காரர் எங்கள் ஊரான ஆற்றங்கரை வரைக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ராமநாதபுரம் போய்த்தான் பெட்டியை வாங்கி வந்தேன். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கு நான் ஆப்ஷனலாக, அதாவது விருப்பப் பாடமாக எடுத்திருக்கும் வரலாற்றுக்கான தபால் வழிப் பயிற்சித் தொகுப்பு அது. கேட்டால் சாதாரணத் தபாலிலும் அனுப்புவார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பயிற்சி மையம் சென்னையில் இருக்கிறது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. பெட்டிக்குள் 100 வெற்று வரைபடத் தாள்கள், இடங்களுக்கான கையேடு ஒன்று, தேர்வின் இரண்டு தாளுக்குமான குறிப்புப் புத்தகங்கள். இவை போக, எழுதி ஸ்கேன் செய்து அனுப்ப எட்டுத் தேர்வுகள். மொத்தம் 7,800 ரூபாய். அப்பா மண்டபத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறார். இரண்டாவது தவணை மே மாதம் கட்ட வேண்டியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது என்று போனில் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் ஜூன் கடைசி வரை தள்ளிக் கொடுத்தார்கள். இதை மட்டும் மனதாரச் சொல்ல வேண்டும்.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வான மெயின்ஸில் ஆப்ஷனலுக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். வரலாறு முதல் தாளின் முதல் கேள்வியே வரைபடம்தான், விட்டுவிட்டு நகர முடியாது. இந்திய வரைபடத்தில் 20 இடங்களில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ‘புதிய கற்கால இடம்’, ‘பழைய துறைமுகம்’ என்கிற மாதிரி ஒரு துப்பு கொடுப்பார்கள். ஊரைக் கண்டுபிடித்து முப்பது சொல் அளவில் குறிப்பு எழுத வேண்டும். ஒன்றுக்கு இரண்டரை மதிப்பெண், ஆக மொத்தம் 50. ஊர் தப்பினால் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது ஒரு ஓஎச்பி ஷீட், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள். வெறும் ஆறுகளை மட்டும் நீலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வெற்று வரைபடத்தின் மேல் விரித்தால் ஆறுகள் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிராண்ட் என்றால் பீகார், எலும்புக் கருவிகள் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் நான். கங்கையோடு காக்ரா சேருகிற இடத்துக்குப் பக்கம் என்று ஷீட்டை வைத்துப் பார்த்த பிறகு புள்ளி தப்பவே இல்லை. கர்நாடகத்தின் மஸ்கியும் பிரம்மகிரியும் எனக்கு எப்போதும் இடம் மாறும். கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திராவுக்கும் நடுவில் மஸ்கி, துங்கபத்திராவைத் தாண்டித் தெற்கே பிரம்மகிரி. இரண்டிலும் அசோகர் கல்வெட்டு உண்டு, ஆனால் 1915-இல் கிடைத்த மஸ்கி கல்வெட்டில் அசோகர் என்ற பெயரே வருகிறது. குறிப்பில் அதைத்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் காற்று தாளை நிற்க விடாது. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு நான்கை மூலைக்கு ஒன்றாக வைத்துத்தான் ஷீட்டைப் பிடித்து வைப்பேன்.

இப்படி ரசித்துக்கொண்டே போனவள், கையேட்டில் அழகன்குளம் வந்ததும் நின்றுவிட்டேன். பக்கத்து ஊர். 2017-இல் கோட்டைமேட்டில் அகழாய்வு நடந்தபோது குழிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். குறிப்பு சரியாகத்தான் இருந்தது: வைகை முகத்துவாரம், சங்ககாலத் துறைமுகம், ரோமானியக் காசுகள், தமிழி எழுத்துள்ள ஓடுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு. புள்ளி மட்டும் கோடியக்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறது! ஏ4 தாளில் ஒரு சென்டிமீட்டர்தான், தரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த இடத்தில் பார்த்துப் பழகியவர் தேர்வில் காவிரிப்பூம்பட்டினத்தோடு குழப்பிக்கொள்வார். மின்னஞ்சல் போட்டேன். ‘அடுத்த பதிப்பில் திருத்துகிறோம்’ என்று ஒற்றை வரி. பக்கத்து ஊர் என்பதால் இதைக் கண்டுபிடித்தேன். காஷ்மீரின் புர்சாகோமோ குஜராத்தின் தோலாவிராவோ தப்பாக இருந்திருந்தால் அப்படியே மனப்பாடம் செய்திருப்பேன். அன்றிலிருந்து கையேட்டின் ஒவ்வொரு புள்ளியையும் அட்லஸோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் தொடுகிறேன். காசு கொடுத்து வாங்கியதற்கு மேல் இந்த வேலை வேறு.

விடைத்தாள் திருத்தம் ஆளைப் பொறுத்தது. நான் தமிழில் எழுதுகிறேன். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், கேள்வியை ஆங்கிலத்தில் படித்து விடையைத் தமிழில் எழுத வேண்டும். தமிழ் வழிக்குத் தனித் திருத்துநர் உண்டு என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். என் முதல் ஐந்து தாளிலும் பக்கத்துக்கு இரண்டு டிக், கடைசியில் ‘நன்று. மேலும் விரிவாக எழுதவும்’. ஐந்திலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில். படித்துப் பார்த்துத்தான் போட்டாரா என்று சந்தேகம்.

ஆறாவது தாள் வேறு கைக்குப் போயிருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜமீன்தார்கள் கட்டும் நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்த நிரந்தர நிலவரித் திட்டம் பற்றிய கேள்விக்கு 1793, கார்ன்வாலிஸ், வங்காளம் என்று மூன்று பக்கம் நிரப்பியிருந்தேன். ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘இத்திட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. முகவரியில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கிறது. 1803-இல் ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை ஜமீனாக ஆனதை ஏன் எழுதவில்லை?’ எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை தடவை கூட்டிப்போயிருக்கிறார்கள்! 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனிக்காரர்கள் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்த கதையும் தெரியும். தேர்வுத் தாளில் மட்டும் வங்காளத்தை விட்டு நான் நகரவில்லை. அவரே கடைசி வரை திருத்தட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒதுக்க முடியாது என்றார்கள். ஏழாவது தாளில் மறுபடியும் ‘நன்று. மேலும் விரிவாக எழுதவும்’.

இரண்டாம் தாளுக்கான உலக வரலாற்றுக் குறிப்பு சுமார். எழுத்துப்பிழை வேறு கண்ணைக் குத்துகிறது. நான் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

அக்கா கேட்டாள், “மறுபடியும் வாங்குவியா?” முழுத் தொகுப்பு வாங்க மாட்டேன். வரைபடப் பகுதி மட்டும் 1,200 ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஸ்டேஷனரி கடையில் வெறும் ஓஎச்பி ஷீட் ஒன்று வாங்கி, பெர்மனன்ட் மார்க்கரால் ஆறுகளை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். வைகையைக் கடல் வரைக்கும் இழுத்துவிடுங்கள். இவர்கள் ஷீட்டில் அது மானாமதுரைப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. நிஜத்திலும் பல வருஷம் தண்ணீர் எங்கள் ஊர் வரை வருவதில்லை என்பது வேறு விஷயம்.