சைப்ரஸ் 2: 20ஆவது குதிப்பிலும் 2,000ஆவது குதிப்பிலும்

ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991இல் முதல் சைப்ரஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, குதிப்பவர் பாராசூட்டை விரிக்கத் தவறினால் ரிசர்வ் என்னும் அவசர பாராசூட்டைத் தானே திறக்கும் தானியங்கிக் கருவி என்றாலே கற்றுக்குட்டிகளுக்கு என்ற எண்ணம் ஸ்கைடைவர்களிடம் ஊறிப்போயிருந்தது. கைதேர்ந்தவர்கள் அதை நம்பவில்லை. பழைய கருவிகள் வேண்டாத நேரத்தில் இயங்கிவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். இன்று, இது முதுகில் இல்லாமல் விமானத்தில் ஏறவே மாட்டேன் என்பவர்கள் ஏராளம். சைப்ரஸ் 2 நல்ல கருவியா என்று கேட்டால், எத்தனை முறை குதித்தவர் கேட்கிறார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் அது செய்யும் வேலை. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே வரும். அனுபவசாலிகளுக்கான எக்ஸ்பர்ட் வகையில், தரைக்கு மேல் சுமார் 225 மீட்டரில் இன்னும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையை மூடியிருக்கும் லூப் கயிற்றைக் கட்டருக்குள் இருக்கும் சின்னக் கத்தி அறுத்துவிடும். ஸ்பிரிங் வைத்த பைலட் சூட் என்னும் குட்டிப் பாராசூட் துள்ளி வெளியேறி ரிசர்வை இழுக்கும். குப்புற விழுபவரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 54 மீட்டர் என்பதால், அப்போது மிச்சம் இருப்பது 4 விநாடிதான்.

இயக்குவது எளிது, ஆனால் அவசரக் கைக்கு ஒத்துவராது. பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு மின்னியதும் உடனே மறுபடி; இப்படி மொத்தம் நான்கு அழுத்து. முந்தினாலும் பிந்தினாலும் கருவி கண்டுகொள்ளாது. தெரியாமல் கை பட்டு இயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிறகு திரையில் 10இலிருந்து 0 வரை எண் இறங்கும், அது சுயசோதனை. 14 மணி நேரம் கழித்துத் தானே அணைந்துவிடும்.

பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். எங்கே இயக்குகிறோமோ அந்தத் தரையைத்தான் கருவி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். இறங்கும் இடம் 100 மீட்டர் உயரமாக இருந்து, அதைக் கருவியில் பதியாமல் விட்டால், 225 என்பது 125 ஆகிவிடும். வீட்டில் இயக்கிவிட்டுக் காரில் வருவதும், விமானத்துக்குள் இயக்குவதும் கூடவே கூடாது.

மஞ்சள் பட்டன் உள்ள மாணவர் வகை, விநாடிக்கு 13 மீட்டரிலேயே இயங்கும். புதியவருக்கு அது சரியான துணை. குதிக்காமல் விமானத்தோடு இறங்க நேர்ந்தால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். விமானம் வேகமாக இறங்கினாலே 13ஐத் தாண்டிவிடும். கதவு திறந்திருக்கும்போது உள்ளே ரிசர்வ் வெளிப்பட்டால் விமானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து.

சில நூறு குதிப்புகள் ஆனவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். அவர்களுக்கு வெற்றி என்றால் குறிப்பேட்டில் ஏறும் எண்ணிக்கை, வானில் கைகோக்கும் கடைசி வடிவம். அதற்காக மெயினை, அதாவது முதன்மைப் பாராசூட்டை, இழுப்பது தள்ளிப்போகும். மெதுவாக விரியும் இன்றைய மெயின் 200, 300 மீட்டர் கூட எடுத்துக்கொள்ளும். 400 மீட்டரில் இழுத்தால் 225ஐக் கடக்கும்போதும் வேகம் 35க்கு மேலேயே இருக்கலாம். கட்டர் தன் வேலையைச் செய்யும். தலைக்கு மேல் இரண்டு பாராசூட்டுகள். இரண்டும் விலகி எதிரெதிராகத் தரையைப் பார்த்துத் திரும்பினால் மிக மோசம். ‘கருவி காரணமில்லாமல் இயங்கிவிட்டது’ என்று புகார் வந்தால், எவ்வளவு தாழ்வில் இழுத்தார் என்று முதலில் பாருங்கள். அமெரிக்க பாராசூட் சங்கம் 2013இல் அனுபவம் மிக்க சி, டி உரிமக்காரர்கள் மெயினை இழுக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 அடிக்கு உயர்த்தியது இந்த இடைவெளியைக் கூட்டத்தான்.

இன்னொரு தப்புக்கணக்கு: கெட்ட மெயினை 150 மீட்டரில் கழற்றிவிட்டால் சைப்ரஸ் பார்த்துக்கொள்ளும் என்பது. மறுபடி 35ஐ எட்டவே ஏறக்குறைய 4 விநாடியும் 70 மீட்டரும் போய்விடும். அந்த இடத்தில் கைகொடுப்பது, மெயின் பிரியும்போதே ரிசர்வ் பின்னை இழுக்கும் ஆர்எஸ்எல் பட்டைதான்.

இன்னும் தேறியவர்கள் சின்ன கேனோபியில், அதாவது சிறிய பாராசூட்டில், 270 பாகை சுழன்று, தரையை உரசி ஸ்வூப் செய்கிறார்கள். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே 35ஐத் தாண்டும் வேகம் அது. காப்பாற்ற வந்த கருவியே வில்லனாகிவிடும். ஸ்வூப் செய்பவர் எக்ஸ்பர்ட் வகையை வாங்கக் கூடாது; வரம்பை 43 ஆக உயர்த்திய ஸ்பீடு வகைதான் அவருக்கு.

2,000 குதிப்புகளைத் தாண்டிய பலர் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். இயங்கும் உயரத்தை 100 அடி, 200 அடி கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதற்கேற்ப மெயினையும் முன்பே இழுக்கிறார்கள். மேகம் தாழ்ந்தால் விமானத்திலேயே இறங்கிவருகிறார்கள், அது அவர்களுக்குத் தோல்வியாகத் தெரிவதில்லை. 50ஆவது குதிப்பிலேயே இப்படிப் பயன்படுத்தினால் இந்தக் கருவிக்கு முழு மதிப்பெண் தருவோம்.

பழையதை வாங்குபவர் தயாரிப்புத் தேதியையும் பட்டன் நிறத்தையும் பார்க்கவும்: எக்ஸ்பர்ட் சிவப்பு, இருவர் சேர்ந்து குதிக்கும் டேண்டம் நீலம். புதியவற்றின் ஆயுள் 15.5 ஆண்டு, 5ஆம், 10ஆம் ஆண்டில் சர்வீஸ், பழையவற்றுக்கு 12.5 ஆண்டுதான். ஒருமுறைகூட இயங்காமல் இருந்தாலும் ஆயுள் முடிந்த நாளில், பாராசூட்டைப் பராமரிக்கும் ரிக்கரிடம் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும்.