ஹட்டன் பக்கத்தில் ஒரு வார இறுதித் தியானம்: பொறுமையைப் பயிற்சியாகக் கற்பிக்கும் முயற்சி

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே கன்னியர் நடத்தும் தியான இல்லமொன்றில், பொறுமை என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வெள்ளி மாலை முதல் ஞாயிறு நண்பகல் வரை நடத்தப்பட்ட தியானத்தில் அண்மையில் பங்குபற்றினேன். தியானம் என்றதும் நம் பங்குகளில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒலிபெருக்கியும், நீண்ட பிரசங்கமும், கண்ணீரோடு முடியும் இரவு வழிபாடும்தான். இங்கே அவை எதுவும் இல்லை. உரைகள் சுருக்கமானவை, மீதி நேரமெல்லாம் மௌனம், செபம், வழிகாட்டியோடு தனியே பேசும் சந்திப்பு என்றே கழிந்தது. நம் மலையகத்தில் இத்தகைய தியானம் தமிழில் கிடைப்பது அரிது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தியானத்தின் அமைப்பு, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டது. மனம் வறண்டு கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது, அந்த வறட்சியில் பொறுமையோடிருக்க உழைக்க வேண்டும், செபிக்க மனமில்லாதபோது குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமர்ந்திருக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகிறார். இவற்றை விளக்கிவிட்டு நிறுத்தாமல் எங்களைச் செய்யவே வைத்தார்கள். அரை மணி நேரச் செபம் முடிந்து மணி அடித்த பிறகு, எழுந்துவிட வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றார் வழிநடத்திய அருட்தந்தை. அந்த ஐந்து நிமிடங்களில் நான் கற்றது அதற்கு முந்தைய அரை மணியில் கற்றதைவிட அதிகம்.

சனி காலை உரையே மிகச் சிறந்தது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், மூன்று ஆண்டுகளாகக் கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்லும் உரிமையாளரிடம், இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று தோட்டத் தொழிலாளி கேட்கும் பகுதியை அருட்தந்தை எடுத்துக்கொண்டார். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே புதுக் கன்று வைப்பதில்லை என்பதும், மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, வெட்டி வெட்டி அந்த மண்ணுக்கே போட்டுத்தான் நடுகைக்குத் தயார்செய்வார்கள் என்பதும் அங்கிருந்த பெரும்பாலோருக்குத் தெரிந்த செய்தி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சும்மா கிடக்கும் நிலம்; உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கடவுளின் பொறுமையையும் நம்முடைய பொறுமையையும் அந்தத் தொழிலாளியின் மண்வெட்டியோடு சேர்த்துப் பார்க்கச் சொன்ன அந்த உரை, காத்திருத்தலைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகத் தெளிவானது.

எனினும், இந்தத் தியானத்தின் உண்மையான உரைகல் அன்று பிற்பகலில்தான் வந்தது. கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா எழுந்து, “ஃபாதர், கொழுந்து நிறை கொறைஞ்சிருச்சுன்னு அரைப்பேர் போடுறாங்களே, அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கணுமா?” என்று கேட்டார். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி மட்டும் என்று பதிவது. பொறுமையாக இருங்கள் என்பது நம் மக்களுக்குப் புதிய அறிவுரை அன்று. 1948இல் குடியுரிமை பறிபோனபோதும், நாட்கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடி 2021இல் அது வர்த்தமானியில் வரும்வரையும், யாரோ ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆகவே, அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத எந்தத் தியானமும் இங்கே பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

அருட்தந்தை தயங்கவில்லை. யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுவோரைப் பற்றிய 7ஆம் வசனத்துக்கு முன்பே, அறுவடை செய்த வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் 4ஆம் வசனம் இருப்பதை அந்த அக்காவையே வாசிக்கச் சொன்னார். கூலியைக் கேட்பதும் சங்கத்தில் பேசுவதும் பொறுமைக்கு எதிரானவை அல்ல என்றும், கேட்டுக் கேட்டுக் கிடைக்காத நாட்களில் வெறுப்பு உள்ளே குடியேறாமல் காப்பதற்கே பொறுமை என்னும் வரம் தேவைப்படுகிறது என்றும் விளக்கினார். அந்த அக்கா அதை ஏற்றுக்கொண்டு அமர்ந்தார், நானும் ஏற்றுக்கொண்டேன். ஆனால், இவ்வளவு முக்கியமான பகுதி ஒருவர் துணிந்து கேட்டதால் மட்டுமே வெளிவந்தது என்பதே என் முதலாவது குறை. அது திட்டமிட்ட உரையாகவே இருந்திருக்க வேண்டும்.

இரவுதோறும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனைக்காக ஒரு சிறு கொப்பி தந்தார்கள். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் நாளுக்கு இரண்டு கோடுகள் வரைந்து, ஒரே ஒரு குற்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நண்பகலிலும் இரவிலும் அதில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கும் இந்த முறையும் இஞ்ஞாசியாருடையதே. பிள்ளைகளிடம் சட்டென்று சீறுவதையே நான் எடுத்துக்கொண்டேன்; இன்றும் அந்தக் கொப்பியைப் பயன்படுத்துகிறேன். பொறுமையை வேண்டிச் செபித்துவிட்டு மறந்துபோகாதபடி பிடித்து நிறுத்துவது அதுவே.

சாப்பாடு எளிமையானது, சூடானது. அறைகள் மிகக் குளிராக இருந்தன. கம்பளி கொண்டுபோவது நல்லது. கட்டணம் நிர்ணயிக்கப்படவில்லை, இயன்ற காணிக்கையை உறையிலிட்டால் போதும். மெதடிஸ்த திருச்சபையினரும் சிலர் வந்திருந்தார்கள். அவர்களை அன்போடு வரவேற்றார்கள், எனினும் நம் வழக்குச் சொற்களை அவர்களுக்கு விளக்கியிருக்கலாம். ஞாயிறு காலைப் பகுதி அவசரமாக முடிக்கப்பட்டது.

பெரிய குறை இன்னொன்று உண்டு. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். தியானத்துக்கு வரும் தொழிலாளி ஒரு பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழந்துதான் வர வேண்டும். அதனால் வந்திருந்தவர்களில் ஆசிரியர்களும் கடை வைத்திருப்போருமே அதிகம். போயா (பௌர்ணமி) விடுமுறை ஞாயிற்றை ஒட்டி வரும் வாரங்களில் இதை நடத்தினால், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து இன்னும் பலர் வர முடியும். இதை இல்லத்துத் தலைவியான அருட்சகோதரியிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த ஆண்டுக்கான நாட்களைக் குறிக்கும்போது கவனிப்பதாகச் சொன்னார். அப்படி நடந்தால் எங்கள் பங்கிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்களைக் கூட்டிச்செல்ல எண்ணியிருக்கிறேன். அதுவரை, சனிக்கிழமை விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் தயங்காமல் போகலாம்.